ஒட்டுத்தாடி

பூந்தமல்லி
9.6.2025

அன்புள்ள ஷோபனாவுக்கு,

நலமா? நீ என் நம்பரை பிளாக் செய்து மூன்று வருடம் ஆகிறது. அதனால்தான் கூரியர். கொண்டுவரும் பையனைத் திட்டாதே.

குமணன்சாவடியில் நடந்ததற்கு முதலில் மன்னிப்பு. அது சினிமா. நான் பிணமாக ஐஸ் பெட்டியில் படுத்திருப்பேன். விவரம் தெரியாத ஜனங்கள் மாலை போட வருவார்கள். நான் எழுந்து "குடிக்க ஒரு டீ கீதா?" என்று கேட்பேன். அவர்கள் ஓடுவதை ஒளித்துவைத்த கேமரா எடுக்கும். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ்கூட வைத்தோம். ஒட்டுத்தாடி, வேறு பெயர். யாருக்கும் அடையாளம் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

நீ மாலையோடு வந்து, மூடியைத் திறந்து, என் சட்டையைப் பிடித்து உலுக்கி அழுதாய். பெட்டிக்குள் நானும் அழுதுவிட்டேன். பிணம் அழுவதுதான் படத்திலேயே பெரிய சிரிப்பு என்கிறான் டைரக்டர் வெற்றிச்செல்வன். நீ சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அது திரைக்கு வரும். எனக்கு இதுதான் முதல் பெரிய வேடம். பத்திரம் இதோடு இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஜெகதீசன்


மண்ணூர்பேட்டை
13.6.2025

மரியாதைக்குரிய பிணத்துக்கு,

பையனைத் திட்டவில்லை. மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஷேர் ஆட்டோவிலிருந்துதான் ஃபிளெக்ஸைப் பார்த்தேன். இடது புருவத்து வெட்டு உங்களுடையது. கீழே 'கே. பரமசிவம்' என்று இருந்தது. ஃபிளெக்ஸ்காரன் எந்தக் காலத்தில் பெயரைச் சரியாகப் போட்டான்? என் அப்பா செத்தபோது எதிர்வீட்டுக்காரர் பெயரைப் போட்டவன்தானே! அப்படித்தான் இதுவும் என்று நினைத்து, "அண்ணாத்தே, நிறுத்து, அது எங்க ஊட்டுக்காரரு" என்று கத்திவிட்டேன். மாலை கடை வரைக்கும் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டில் நெஞ்சுவலி என்று தரையில் விழுந்தீர்கள். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட பிறகு, படம் பிடித்த செல்போனைக் காட்டிச் சிரித்தீர்கள். அதனால்தான் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினேன். கோபம்கூட இல்லை. உங்களிடம் எது நிஜம், எது நடிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. அதோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

கையெழுத்து இருக்கட்டும். அந்தக் கண்ணீர் நிஜமா, கிளிசரினா?

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். பெட்டியில் இளைத்துத் தெரிந்தீர்கள்.
ஷோபனா


பூந்தமல்லி
17.6.2025

ஷோபனா,

பிணத்துக்கு எவனாவது கிளிசரின் போடுவானா? ஆனால் நான் சொன்னால் நீ நம்ப வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நெஞ்சுவலிக்கு நான் இதுவரை மன்னிப்பே கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

"எந்திர்றா பாவி, நான் வந்துட்டேன்ல!" என்றாய். கல்யாணமான பதினோரு வருடத்தில் நீ என்னை 'டா' போட்டதில்லை. டீ கேட்க வேண்டிய வசனம் மறந்தே போயிற்று.

அந்தக் காட்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அத்த எடுத்துட்டா உனுக்குப் படத்துல இன்னா கீது மாமே?" என்று வெற்றிச்செல்வன் கத்தினான். ஒன்றும் இல்லைதான். உன் அழுகையை வைத்து ஊரைச் சிரிக்க வைக்க எனக்கு மனசில்லை. மெமரி கார்டை அனுப்பியிருக்கிறேன். வேறு காப்பி இல்லை. உடைத்துப் போட்டாலும் சரி.

ஜெகதீசன்


மண்ணூர்பேட்டை
20.6.2025

அன்புள்ள உங்களுக்கு,

பக்கத்து வீட்டு ஷர்மிளாவின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். அவள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப்போனாள். பிறகு நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், என் திட்டு நன்றாகவே இருக்கிறது.

நாலு முறை பார்த்தேன். கண்ணீரை நான் பார்க்கவில்லை, அதை யார் வேண்டுமானாலும் வரவழைப்பார்கள். உங்கள் ஒட்டுத்தாடி ஒரு பக்கம் பிய்ந்து காதோரம் தொங்குகிறது. ஒரு கல்யாண வீட்டில் போட்ட நாடகத்தில் மீசை அரை அங்குலம் நகர்ந்ததற்கு மேடையை விட்டே இறங்கிப் போனவர் நீங்கள். இங்கே தாடியே தொங்குகிறது, கை அதைத் தேடிப் போகவில்லை. நடிப்பதையே மறந்திருக்கிறீர்கள். இதை நான் நம்புகிறேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கார்டையும் பத்திரத்தையும் டைரக்டரிடம் கொடுங்கள். ஊர் சிரிக்கட்டும். அதில் எது நிஜம் என்று எனக்குத் தெரியும், அது போதும்.

பொய்ச் சாவுச் சேதி வந்தால் ஆயுசு கூடும் என்பார்கள். இருந்தாலும் இன்னொரு முறை செத்தால் மாலையோடு வரமாட்டேன், துடைப்பத்தோடு வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுக்கிறேன். பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் போன் செய்ய வேண்டாம், வந்து கதவைத் தட்டுங்கள். தாடி ஒட்டாமல் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊட்டுக்காரி