சுத்தமான தட்டைத் துடைக்கிற நேரம்

எம்மன்புரூக்கே
சுவிற்சர்லாந்து, 03.03.2019

அன்பின் மாமிக்கு,

செய்தி வந்தது பின்னேரம் நாலு மணி பதினேழு நிமிசத்துக்கு. போன செப்ரெம்பர், சனிக்கிழமை. மாட்ச் முடிஞ்சு, நிப்பாட்டிப் பைக்குள்ள வைச்ச போனை அப்பத்தான் போட்டனான். போட்ட உடனை அடிச்சுது. நம்பரைப் பாக்கேல்லை. "மாட்ச் முடிஞ்சுதப்பா, வாறன், சோறு போடும்" எண்டு சொன்னனான். அங்கால நிண்டது சரணியா இல்லை, நீங்கள்.

உங்களுக்கும் உங்கட மகளுக்கும் போனில ஒரே குரல். நேரில அப்பிடி இல்லை, போனில மட்டும். அதாலதான் மாமி, நீங்கள் கோல் எடுக்கேக்கை நான் போனைத் தூக்கிறேல்லை. கோவம் ஒண்டும் இல்லை. அரை வருசமா வாயால சொல்லேலாமல் கிடந்தது, எழுதினாச் சொல்லலாம் போல இருந்தது.

நான் சுகம். வேலைக்குப் போறன், லிஃப்ட் திருத்திறன். லிஃப்ட் நிண்டா என்ன பிழையெண்டு ஒரு இலக்கம் காட்டும். எனக்கு ஒண்டும் காட்டேல்லை. சாப்பிடுறன், படுக்கிறன், எழும்புறன்.

ஒரு விசயம். எங்கட பேஸ்போல் கிளப்பில இந்த வருசம் சின்னப் பிள்ளையளின்ர மாட்சுக்கு பள்ளிக்கூடப் பிள்ளையளே அம்பயரா நிக்கப்போகினம். அவையைப் பழக்கிவிட என்னைக் கேக்கினம். மாட்டன் எண்டு சொல்லப்போறன். மைதானத்துக்குள்ள அம்பயர் போனை நிப்பாட்டவேணும், அது எங்கட கிளப்பின்ர சட்டம். அண்டைக்கு அம்பயரா நிண்டு நிப்பாட்டினதோட சரி, அதுக்குப் பிறகு என்ர போன் நிண்டதில்லை. குளிக்கேக்கையும் பக்கத்தில வைச்சிருக்கிறன். முகமூடி, நெஞ்சுக் கவசம் எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கிற யோசினை.

முழங்கால் நோ எப்பிடி? படியில மெல்ல ஏறுங்கோ.

உங்கட மருமகன்
நிலக்ஷன்


வில்
10.03.2019

அன்புள்ள தம்பி நிலக்ஷனுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். அரை வருடமாக மனதுக்குள் உம்மோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். "இரவு பகலாகப் போனைத் திறந்து வைச்சிருக்கிற மனிசன், மாமி எடுத்தால் மட்டும் தூக்காது" என்று சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்கிற ஜெயந்தியிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. இப்போது காரணம் தெரிந்துவிட்டது. இனி நான் எடுக்கமாட்டேன். எழுதுகிறேன்.

"சோறு போடும்" என்று நீர் சொன்னது என் காதிலும் நிற்கிறது தம்பி. அதைக் கேட்ட பிறகு அடுத்த சொல்லை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

டொக்டர் சொன்னதை நீரும் கேட்டீர். ஸ்டேஷன் படியில் விழுந்தபோதே என் பிள்ளை சரணியாவின் உயிர் போய்விட்டது. போன் திறந்திருந்தாலும் நீர் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. தெரிந்தும் மனம் கேட்காது, அதுவும் எனக்குத் தெரியும்.

பழக்குகிறவர் வேலிக்கு வெளியில்தானே நிற்பார்? போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே நிற்கலாமே? சரணியா என்னிடம் சொல்லுவாள்: "அம்மா, சனிக்கிழமை சேத்தோட வந்து நிக்கேக்கைதான் இவர் கலகலப்பு. மற்ற நாளில அவரும் ஒரு லிஃப்ட். ஏறுறதும் இறங்குறதும்தான், கதை இல்லை." எனவே கவசத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். போய் நில்லும்.

மொறுமொறுப்பான பருத்தித்துறை வடை பொதியில் வருகிறது. பாதி நொருங்கியிருக்கும். தபால்காரர் மேல் பழி போடாதையும், நான்தான் அமத்திக் கட்டினேன்.

அன்புடன்
மாமி தில்லைநாயகி


எம்மன்புரூக்கே
28.04.2019

அன்பின் மாமிக்கு,

வடை முடிஞ்சுது. தூளையும் விடேல்லை.

போய் நிண்டனான். என்ர பொறுப்பில ஒரு பிள்ளை, பேர் சஜீதா, பதினைஞ்சு வயசு. தாய் தேப்பன் சுன்னாகம். அவவின்ர தமிழ் லுட்சேர்ன் ஆக்களின்ர ஜெர்மன் மாதிரி இழுபடும். முதல் மாட்சிலயே ஒரு கோச் கத்தினார், பந்து சரியா வந்ததாம், இவ பிழையெண்டு சொல்லிப்போட்டாவாம். பிள்ளை என்னட்டை ஓடி வந்து, "அண்ணா, அந்தாள் சொல்லுறது சரியோ?" எண்டு கேட்டுது. "சரியோ பிழையோ, சொன்னது நீர். திரும்பிப் பாக்காமல் போய் நில்லும்" எண்டன். போய் நிண்டுது. மற்ற இன்னிங்ஸ் முழுக்க வாயை உப்பி வைச்சுக்கொண்டு நிண்டுது.

நீங்கள் மாட்ச் பாத்ததில்லை, அதால சொல்லுறன். அடிக்கிற ஆள் நிக்கிற இடத்தில மண்ணில ஒரு வெள்ளை றப்பர் தட்டு பதிச்சிருக்கும். அதுக்குப் பின்னால பந்து பிடிக்கிற பிள்ளை குந்தியிருக்கும், அதுக்கும் பின்னால அம்பயர். தட்டில மண் ஏறினா அம்பயர் முன்னுக்குப் போய், மைதானத்துக்கு முதுகு காட்டி நிண்டு, சின்ன பிரஷால துடைக்கவேணும். பிடிக்கிற பிள்ளைக்குப் பந்து பட்டு நொந்தால், தட்டு சுத்தமா இருந்தாலும் போய்த் துடைக்கிறது. மெல்லமா. அந்த நேரத்துக்குள்ள பிள்ளை மூச்சு எடுத்திடும். ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை. சட்டப் புத்தகத்தில இல்லை, ஆனால் எல்லா அம்பயர்மாரும் செய்வினம்.

இதைச் சொல்லிக் குடுக்க சஜீதா, "சுத்தமான தட்டைத் துடைச்சா விசர் எண்டெல்லோ நினைப்பினம்?" எண்டுது. "நினைக்கட்டும்" எண்டன்.

போன் பொக்கெற்றுக்குள்ளதான். சனிக்கிழமையள் பரவாயில்லை மாமி.

நிலக்ஷன்


வில்
05.05.2019

அன்புள்ள தம்பிக்கு,

நீர் எழுதியதை ஜெயந்திக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் அதற்குப் பிறகு சுத்தமாகக் கிடந்த என் மேசையை இரண்டு தரம் துடைத்துவிட்டாள்.

ஒரு சந்தேகம். பிடிக்கிற பிள்ளைக்குப் பட்டால் அம்பயர் தட்டைத் துடைப்பார். அம்பயருக்குப் பட்டால்? அவருக்கு யார் நேரம் கொடுப்பது?

முழங்காலுக்குப் புது ஊசி போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் சுகம்.

மாமி


எம்மன்புரூக்கே
26.05.2019

அன்பின் மாமிக்கு,

நீங்கள் கேட்டதுக்கு முதல் மறுமொழி: அம்பயருக்குப் பட்டால், பிடிக்கிற பிள்ளை எழும்பிப் போய் பந்து எறியிற பிள்ளையோட சும்மா ஏதாவது கதைக்கும். அதுதான் வழக்கம்.

ரெண்டாவது மறுமொழி நேற்றுத்தான் கிடைச்சுது.

மாட்ச் சமநிலை, கடைசி இன்னிங்ஸ். நான் வேலிக்கு உள்பக்கம், பெஞ்சுக்குக் கிட்ட நிண்டனான். அங்க நிக்கக்கூடாது, எனக்கே தெரியும். சஜீதாவின்ர கால் சரியா நிக்குதோ எண்டு பாக்கப் போனனான். எறியிற பிள்ளை கையைத் தூக்கேக்கை என்ர போன் அடிச்சுது. முழுச் சத்தத்தில. அடிக்க நிண்ட பொடியன் திடுக்கிட்டுப் பின்னுக்குப் போயிட்டான்.

சஜீதா ரெண்டு கையையும் தூக்கி மாட்சை நிப்பாட்டிச்சு. முகமூடியைக் கழட்டிக்கொண்டு நேரா என்னட்டை வந்தா.

"அண்ணா, போனை நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி வேலிக்கு வெளிய போங்கோ."

நான் சொல்லிக் குடுத்த அதே சொல்லு, அதே குரல். எல்லாரும் பாக்கினம். போனை எடுத்துப் பாத்தன், தெரியாத நம்பர். பட்டன்ல விரலை வைச்சன். அமத்தேலாமல் போச்சு மாமி. வெளிய போகவும் கால் வரேல்லை. மற்ற ஆக்களின்ர லிஃப்டை எல்லாம் ஓட வைக்கிறன், நான் ரெண்டு மாடிக்கு நடுவில நிண்டன்.

அவ திரும்பிப் போனா. பொக்கெற்றுக்குள்ள இருந்து பிரஷை எடுத்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக் குனிஞ்சு தட்டைத் துடைச்சா. அது பளிச்செண்டு கிடந்தது. அந்தப் பக்கம் துடைச்சா, இந்தப் பக்கம் துடைச்சா, மூலையெல்லாம் துடைச்சா. முந்திக் கத்தின அந்தக் கோச் பொறுக்கேலாமல், "பிள்ளை, அதில சோறோ போட்டுத் தின்னப்போறாய்?" எண்டு ஜெர்மன்ல கத்தினார். அவ திரும்பிக்கூடப் பாக்கேல்லை.

அந்த நேரத்துக்குள்ள நான் மெல்ல வெளிய வந்திட்டன். மரத்துக்குக் கீழ நிண்டு சிரிச்சன். பிறகு அழுதன். செப்ரெம்பருக்குப் பிறகு ரெண்டும் நேற்றைக்குத்தான்.

மாட்ச் முடிய, "தட்டு சுத்தமாத்தானே கிடந்தது?" எண்டு கேட்டன். "ஓம், நீங்கள்தானே சொன்னனீங்கள்" எண்டு சொல்லிப்போட்டு, சூயிங்கம் சப்பிக்கொண்டு தன்ர சைக்கிளைத் தேடிப் போயிட்டா.

போன் எடுத்தது ஆரெண்டு பாத்தன். காப்புறுதி மாத்தச் சொல்லி ஒரு விளம்பரக்காரர்.

அவசரமா எடுக்க இனி எனக்கு ஆர் இருக்கினம் எண்டு யோசிச்சுப் பாத்தன். நீங்கள் மட்டும்தான். நீங்கள் எடுத்தால் நான் தூக்கிறதில்லை. பிறகு இதை ஏன் திறந்து வைச்சிருக்கிறன் எண்டு எனக்கே விளங்கேல்லை.

நிலக்ஷன்


வில்
02.06.2019

அன்புள்ள தம்பிக்கு,

இந்தப் பொதியில் உள்ள வடை அந்தப் பிள்ளைக்கு. உமக்கு இல்லை. இந்த முறை நொருங்காமல் கட்டியிருக்கிறேன்.

அழுதது நல்லது. போனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எனக்கு அவசரமாக எடுக்க ஒன்றும் இல்லை. நான் இங்கேதான் இருக்கிறேன்.

மாமி


எம்மன்புரூக்கே, மைதானம்
15.06.2019, சனிக்கிழமை

அன்பின் மாமிக்கு,

கார் பொனற்றில வைச்சு எழுதுறன், எழுத்துக் கோணல். வடையை சஜீதாவிட்டைக் குடுத்தன். எனக்கு ஒண்டு தந்தா, ஒண்டே ஒண்டு.

இண்டைக்குப் பெரிய ஆக்களின்ர மாட்ச். தட்டுக்குப் பின்னால நான். சஜீதா வேலிக்கு வெளிய நிண்டு என்னைப் பாத்துப் பிழை பிடிக்கப்போறாவாம், பேனையும் கொண்டு வந்திருக்கிறா. நெஞ்சுக் கவசம் கொஞ்சம் இறுக்கமாக் கிடக்கு, உங்கட வடையாலதான். வெயில் நல்லா எறிக்குது. ஆத்துப் பக்கத்தால காத்தும் வருது.

மாட்ச் முடிஞ்ச கையோட நானே உங்களுக்கு எடுக்கப்போறன். குரல் சரணியாவின்ரதாத்தான் இருக்கும். இருக்கட்டும், நான் கேக்கிறன். நீங்கள் கெதியா வைச்சிடாதேங்கோ, ஏதாவது கதையுங்கோ. இந்தக் கடிதம் உங்கட கைக்கு வரேக்கை நாங்கள் கதைச்சு முடிச்சிருப்பம். எண்டாலும் தபால்ல போடுறன்.

கூப்பிடுகினம். போனை நிப்பாட்டிப்போட்டன்.

உங்கட நிலக்ஷன்