செட்டு உறுமுது

6-2-1981, வெள்ளி

இன்று பள்ளி ஆண்டு விழா. என் மாணவிகள் பாட, பின்னால் நின்று ஆள் உயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸை வாசித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பாட்டில் மைக்செட் முனுசாமி மேடைக்கே ஓடிவந்துவிட்டார்.

"சார், அத்த நிறுத்துங்க. செட்டு உறுமுது. ஸ்பீக்கரு கிழிஞ்சிடப் போவுது."

உறுமியது செட்டு அல்ல, என் வாத்தியம். ஜாஸ், சர்ச், சினிமா ரிக்கார்டிங் என்று சென்னையில் எல்லாம் வாசித்தவன் நான். ஆனாலும் கையை எடுத்துவிட்டேன்.

அடுத்த வரியிலேயே பாட்டு வேகம் பிடித்து ஓடியது. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். முன்னால் நின்ற கலா பாடுவதை விட்டுவிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"இன்னா சார் நிறுத்திட்டீங்க? வாசிங்க சார், நீங்க இல்லாம பாட வரல."

மைக்கில் உத்திரமேரூர் முழுக்கக் கேட்டிருக்கும். முனுசாமி தலையைச் சொறிந்தார். வாசித்தேன்.

சென்னையில் நான் வாசித்த பழைய ஓட்டல் பாண்டு கோஷ்டியில் மறுபடி சேரச் சொல்கிறார்கள். காலையில் பதில் சொல்லியாக வேண்டும். போய்விடலாம் என்கிறாள் என் மனைவி ராஜம். அவள் சொல்வதும்...

அங்கே சாப்பிட வந்தவர்களில் ஒருவர்கூட என் பக்கம் திரும்பியதில்லை.

திங்கட்கிழமை கலாவைக் கண்டிக்க வேண்டும். மேடையில் முதுகைக் காட்டக் கூடாது.