கருவையைப் பிடுங்கிய வருஷம்

இன்று காலை சிக்கலிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியே கரிமூட்டப் புகை அடித்தது. உன் சேலையில் எப்போதும் இருந்த வாசம்.

பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தோம். பிறகு எனக்கு வயல் வந்தது. நீ சீமைக்கருவையை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கும் வேலைக்குப் போனாய். தொழிலாளர் சங்கத்து வகுப்பில் பொருள்முதல்வாதம் கேட்டுவிட்டு வந்து என் வரப்பில் நின்று சொல்வாய்: "இயற்கை வேற, நாம வேற இல்லடி. அதுல கை வச்சுத்தான் பொழைக்கிறோம். வைக்க வைக்க அதுவும் மாறுது, நாமளும் மாறுறோம்." எனக்கு அது வெட்டிப் பேச்சாகத் தெரிந்தது.

கண்மாய்க்குள் கருவை மண்டித் தண்ணீர் நிற்காமல் போனது. ஊர்க்கூட்டத்தில், இயந்திரம் விட்டு ஊர் எல்லை முழுக்கப் பிடுங்கச் சொன்னது நான்தான். நீ எழுந்தாய்.

"கண்மாய்க்குள்ள உள்ளதைப் புடுங்குங்க. தரிசுல நிக்கிறதை விடுங்க. மழை இல்லாத வருஷம் அதுதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு."

"நாட்டைக் கெடுத்த மரத்துக்கு வக்காலத்தா?" என்றேன், எல்லார் முன்னாலும்.

"மரமா நடந்து வந்துச்சு? மனுசன் கொண்டாந்தான். நெலத்தை உழாம மனுசன் போட்டான், அது நின்னுக்கிருச்சு. அதை வெட்டித் திங்கிறவளும் மனுசிதான்."

உன் பேச்சை யாரும் கேட்கவில்லை; தரிசில் நின்றதையும் சேர்த்தே பிடுங்கினோம். அடுத்த மழைக்குக் கண்மாய் நிறைந்தது, என் வயல் விளைந்தது. கரி போட்ட குடும்பங்கள் வெளியூர் செங்கல் சூளைக்குப் போயின. நீயும் என்னிடம் சொல்லாமல் போனாய். தரிசை உழ ஆளில்லாமல், மூன்றாம் வருஷம் அங்கே கருவை இடுப்பளவு வளர்ந்துவிட்டது.

பொங்கலுக்கு வந்த உன்னை வழியில் நிறுத்தி, "நீ சொன்னது சரிதான்" என்றேன்.

"கண்மாய்ல தண்ணி கெடக்குல்ல, நீ சொன்னதும் சரிதான். எங்களையும் உக்கார வச்சுக் கேட்டுருக்கலாம்," என்றாய். குரலில் கோபமில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

அதே வருஷம் சூளையில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நீ இறந்தாய்.

இப்போது உன் மகள் ஊருக்கே திரும்பிவிட்டாள். என் தரிசில் ஒரு பக்கம் அவள் கருவையை வெட்டி மூட்டம் போடுகிறாள். மறுபக்கம் தூரோடு தோண்டி, போன புரட்டாசியில் இருவரும் சேர்ந்து குதிரைவாலி விதைத்தோம். பாதிதான் முளைத்தது. எதை வெட்டுவது, எதை விடுவது என்று தினமும் தர்க்கம். அவள் லேசில் விட்டுக்கொடுப்பதில்லை. நான் உட்கார்ந்து கேட்கிறேன்.