தோளில் வலை முடிச்சு வேண்டாம்

பருத்தித்துறை,
13.02.2024

அன்பு மகள் நிவேதனாவுக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த அவுஸ்திரேலியாக் கரையில் அப்படியே இருக்க வேண்டும் என்று மன்றாடிக்கொண்டு இதை எழுதுகிறேன். நாலு நாளாகப் பதிலும் இல்லை, போனும் எடுபடவில்லை என்று நீ பயந்திருப்பாய். ஒருவருக்கும் ஒன்றுமில்லை, போனைத்தான் அப்பா சுவரில் அடித்து உடைத்துவிட்டார். பூனைக்குக்கூடக் கல்லெறியாத மனிதர், நீ அனுப்பிய படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் திடீரென்று எழும்பி எறிந்தார், கண்ணாடித் துண்டு பறந்து வந்து உன் தம்பி றொபினின் கன்னத்தில் கீறிவிட்டது. அவன் திகைத்துப்போய் ஓட்டோவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். பக்கத்து வீட்டுப் பத்மாசினியின் போனில் உன்னோடு கதைத்திருக்கலாம்தான், ஆனால் நான் சொல்லப்போவது இன்னொருவர் குசினியில் நின்று சொல்கிற கதை இல்லை. அவளுடைய மகள் தனுஷிகா வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். இருபத்துநாலாம் திகதி நீ உன் வகுப்பாரோடு ஆழக்கடலில் சுழியோடப் பழக இறங்க முதல் உனக்குக் கிடைத்துவிடும். இருந்து, ஆறுதலாக, முழுவதும் வாசி.

அந்தப் படத்தில் நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். சிலிண்டரை முதுகில் கட்டுகிற வார்ப்பட்டி அங்கே எல்லாம் ஆம்பிளைகளின் அளவு, உனக்குப் பெரிசு, அதனால் அந்தக் காலத்தில் அப்பா எனக்குச் செய்ததுபோல இரண்டு தோள் வாரிலும் வலை முடிச்சுப் போட்டுச் சின்னதாக்கிவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். என் இடது தோளில் இருக்கிற தழும்பு உனக்குத் தெரியும், இஞ்சின் விசிறி வெட்டியது என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது பொய். அந்தத் தழும்பு உன் அப்பாவின் கத்தி.

நீ அப்போது யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய், பதினாறு வயது, அதனால் மறைக்கச் சுகமாக இருந்தது. அப்பாவுக்குக் காதுச் சவ்வு வெடித்து இனிக் கடலுக்குள் இறங்கக்கூடாது என்று டொக்டர் மறித்த வருசம் அது. நான் தொண்டைமானாற்றில் பிறந்தவள், நடக்க முதல் நீந்தினவள், கடலட்டை பொறுக்க நான் இறங்குகிறேன் என்றேன். பொம்பிளை சுழியோடுவதா என்று ஊர் வாய் கிழியக் கதைத்தது, கதைத்தவர்கள் ஒருவரும் எங்கள் உலையில் அரிசி போடவில்லை. இருந்தது அப்பாவின் வார்ப்பட்டி ஒன்றுதான். அப்பாவின் நெஞ்சு கதவு அகலம், நானோ நாலடி பத்து அங்குலம், அதைப் போட்டால் சிலிண்டர் என் குண்டியில் இடிக்கும், தோள் வார் முழங்கை வரை வழுகும். அப்பா யோசித்துவிட்டு இரண்டு தோளிலும் இரண்டிரண்டு வலை முடிச்சுப் போட்டார். மிச்ச வார் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு பக்கமும் தொங்கியது. வலைக்காரர் போடுகிற முடிச்சு நனைய நனைய இறுகும், இல்லாவிட்டால் வலை நிற்காது, அப்பாவின் கைக்கு வேறு முடிச்சுப் பழகவில்லை. "உது இனி ஆர் இழுத்தாலும் வழுகாது" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதைத் தண்ணீருக்குள் அவசரமாகக் கழற்ற வேண்டி வரும் என்று இரண்டு பேரும் நினைக்கவில்லை, தினமும் தலைக்கு மேலால் சட்டை கழற்றுகிறமாதிரித்தான் கழற்றினேன்.

வைகாசி மாதம், காலை ஒன்பது மணி இருக்கும், கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. படகில் அப்பாவும், இஞ்சின் பிடிக்க உன் கனிசியஸ் சித்தப்பாவும். நாங்கள் அட்டை எடுக்கிற கடலடிப் பாறை, அந்தப் பார், தங்களுக்குரியது, அங்கே இறங்கினால் கை கால் இருக்காது என்று இன்னொரு மீன்வாடிக்காரர் ஒரு கிழமைக்கு முதலே சொல்லியனுப்பியிருந்தார்கள். கடலில் யார் வேலி போட்டது என்று அப்பா சிரித்தார். நான் பை நிறைந்து மேலே வரும்போது அண்ணாந்து பார்த்தேன், ஒரு படகின் அடிக்குப் பதிலாக இரண்டு தெரிந்தது, தண்ணீரில் சிவப்பாக ஏதோ கரைந்து வந்தது. மீன் இரத்தம் என்றுதான் நினைத்தேன் பிள்ளை. தலையை வெளியே நீட்டினால் நாலு பேர் எங்கள் படகில் ஏறி நிற்கிறார்கள், சித்தப்பாவைத் துடுப்பால் மாறி மாறி அடிக்கிறார்கள், அவர் கையால் மறைக்கக் கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா மண்டை பிளந்து, பலகையில் குந்தியபடி, கண்ணுக்குள் இரத்தம் வழியக் கையால் தடவித் தடவி என்னைத் தேடுகிறார்.

மற்றப் படகில் நின்றவன் ஒருவன் என்னைக் கண்டுவிட்டான். "உவள்தான் அள்ளுறாள், உவளை இழுத்துக்கொண்டு போங்கோடா" என்று கத்தியபடி குனிந்து, என் தோளில் தொங்கிய அந்த ஒரு சாண் வாரைப் பிடித்து, மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினான். எங்கள் படகில் நின்ற நாலு பேரும் தாவி ஏற, படகை எடுத்தார்கள். நாயைக் கட்டி இழுப்பதுபோல இழுத்தார்கள் மகள். வார்ப்பட்டி அளவாக இருந்திருந்தால் உடம்போடு நின்றிருக்கும், தொடைக்கு இடையால் வருகிற வாரும் அதில் இல்லை, முழுவதும் மேலே ஏறியது. இடுப்புப் பட்டி மார்புக்கு வந்து மூச்சை நெரித்தது, தோள் வார் கழுத்துக்கு வந்தது, சிலிண்டரின் பித்தளைத் தலை ஒவ்வொரு அலைக்கும் என் பிடரியில் குத்தியது. வாயில் இருந்த குழாய் பறந்துவிட்டது. குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை. முடிச்சை அவிழ்க்க நகத்தால் பிய்த்தேன், நகம்தான் பிய்ந்து வந்தது.

என் கையில் மண் கிண்டுகிற கூர்க்கம்பி இருந்தது. நான் அதை அவனுடைய கையில் குத்தினேன். தெரியாமல் பட்டது என்று பொலிசுக்குச் சொன்னேன், உனக்கு உண்மை சொல்கிறேன், பார்த்துத்தான் குத்தினேன், ஒருமுறை இல்லை, மூன்றுமுறை, கடைசி முறை கம்பி மறுபக்கம் வந்தது. அவன் குழறினான். விட நினைத்தான், விட முடியவில்லை. இழுத்த இழுப்பில் வார் அவன் மணிக்கட்டிலும் இறுகிவிட்டது. என்னைக் கட்டியிருந்த அதே முடிச்சில் அவனும் மாட்டிக்கொண்டு, நான் கீழே, அவன் மேலே, இரண்டு பேரும் மிருகங்கள்போல ஒருவர் முகத்தில் ஒருவர் கத்தினோம். அவன் கத்தலில் பயந்துதான் படகை நிறுத்தினார்கள். அதற்குள் அப்பா பாய்ந்து நீந்தி வந்துவிட்டார். முதலில் பல்லால் கடித்து அவிழ்க்கப் பார்த்தார், அவருடைய முன்பல் அப்படித்தான் போனது. "அவிழுதில்லையடி, என்ரை முடிச்சு எனக்கே அவிழுதில்லை" என்று அழுதார். நான், "வெட்டுங்கோ, என்னை வெட்டினாலும் பறவாயில்லை, வெட்டுங்கோ" என்றேன். ஊறின வார் மாட்டுத்தோல்போல இருந்தது, கத்தி வழுகி என் தோளை எலும்பு தெரியப் பிளந்துகொண்டுதான் வாரை அறுத்தது. வார் அறுந்ததும் அவர்கள் அவனையும் கொண்டு ஓடிவிட்டார்கள். எனக்குப் பதினேழு தையல். மீன்பிடிச் சங்கம் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசியது. அவன் இன்றைக்கும் சந்தைக்கு வருவான், அந்தக் கை மடங்காது. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவான், நான் திருப்புவதில்லை. செய்ததற்கு நான் கவலைப்படவும் இல்லை, கோயில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்திலும் அதை அப்படியே சொன்னேன்.

தையல் ஆறியதும் நான் திரும்பவும் இறங்கினேன், நாலு வருசம் இறங்கினேன், அது உனக்குத் தெரியும். எப்படி என்றுதான் உனக்குத் தெரியாது. பஸ் சீற் தைக்கிற அன்புராஜாவிடம் போய், பழைய வான் சீற் பெல்ற்றில் என் உடம்புக்கு ஒரு வார்ப்பட்டி தைக்கச் சொன்னேன். தொடை வாருக்கு அளவெடுக்க வேண்டும் என்றதும் அந்த மனிதன் வெட்கத்தில் நாடாவை என் கையில் தந்துவிட்டு வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார், பெண்சாதி பியாட்றிஸ்தான் வந்து அளந்தாள். அந்த உடம்பில் படித்த பாடத்தைச் சொல்கிறேன், கடையில் நிற்கும்போது நினைவில் வை. பெண்களுக்கு என்று எழுதி நிறம் பூசி வைத்திருப்பதை நம்பாதே, உன் பிடரி எலும்பில் இருந்து இடுப்பெலும்பு வரை அளந்துகொண்டு போ, நம்மைப்போலக் கட்டையானவர்களுக்கு முதுகு நீளம்தான் முக்கியம். நீந்துகிற ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் போட்டுப் பார், வெறும் சட்டையோடு போட்டால் அளவு பொய் சொல்லும். தோள் வாருக்குக் கீழே இரண்டு விரல் போக வேண்டும், கை போகக்கூடாது. நெஞ்சு வார் மார்புக்கு மேலால் போக வேண்டும், மார்பை நசித்தால் மூச்சு அரைவாசிதான் வரும், அங்கே ஆம்பிளை ஒருவன் விற்கிறவனாக நின்றால் வெட்கப்படாமல் அதைச் சொல்லிக் கேள். இடுப்புப் பட்டி இடுப்பெலும்பில் இருக்க வேண்டும், வயிற்றில் இல்லை. தொடை இடையால் வருகிற வார் கட்டாயம், அது இல்லாததை இனாமாகத் தந்தாலும் வாங்காதே. சிலிண்டரை ஏற்றிய பிறகு அண்ணாந்து பார், தலை இடித்தால் சிலிண்டர் உயரம், பதித்துக் கட்டச் சொல். மிச்ச வாரில் முடிச்சுப் போடாதே, அளவாக வெட்டி நுனியை நெருப்பில் சுட்டுவிடு, ஒரு விரலுக்கு மேல் தொங்கவிடாதே.

எல்லாம் சரி என்று வந்த பிறகு இரண்டு காரியம் செய். உன் சினேகிதி யாரையாவது தோள் வாரில் பிடித்து உன்னை மேலே தூக்கச் சொல், உன் கால் நிலத்தை விட்டு எழும்ப வேண்டும், வார் மட்டும் காதுக்கு வந்தால் அது உன்னுடையது இல்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வலக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டு, இடக்கையால் மட்டும் பக்கிளைக் கழற்றி வெளியே வா. பத்து எண்ண முதல் வரமுடியாவிட்டால் கடலுக்குள் இறங்காதே. உன் வகுப்பார் சிரிக்கட்டும். பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் ஓம், நான் பயந்தாங்கொள்ளிதான் என்று சொல்லிக் கரையில் இரு. அங்கே உன்னை ஒருவனும் படகில் கட்டி இழுக்கமாட்டான் என்று நீ நினைப்பாய், சரி, ஒரு கயிறு போதும், ஒரு கல் போதும், இழுக்கிற நீரோட்டம் போதும், கடலுக்கு வாடிக்காரன் தேவையில்லை. அன்றைக்கு என்னை வெட்டி எடுக்க உன் அப்பா இருந்தார். உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்.

அப்பா நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் எழுதுகிறேன் என்று தெரியும், எழுத வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. என்ன எழுத என்று கேட்டதற்கு, "பிள்ளையின்ரை தோளிலை கிடக்கிறது நான் போட்ட முடிச்சு, என்ரை கையாலை ரெண்டு பேரையும் கட்டிப்போட்டன் எண்டு எழுது" என்றார். அவரை நான் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை, நீயும் சொல்லாதே, நேரம் கிடைக்கும்போது அவரோடு கதை, முடிச்சைப் பற்றி மட்டும் கதைக்காதே.

மாதா உன் முதுகையும் தோளையும் தன் கையால் மூடிக் காக்கட்டும், எங்கள் இரண்டு பேரின் ஆயுளையும் சேர்த்து நீ இருக்க வேண்டும். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான். இதை வாசித்து முடித்தவுடன் எழும்பிப் போய் அந்த வார்ப்பட்டியை எடு, முடிச்சை அவிழ்க்க முயலாதே, அது ஒருபோதும் அவிழாது, கத்தியை எடுத்து வெட்டு. உன் உடம்பு அதற்குள் இல்லாதபோதே வெட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
கி. அற்புதராணி