கல்லறை மேட்டில் பாதி வழி

அன்செல்மோ,

அடுப்பில் கறுப்பு அவரை இருக்கிறது. சுட வைத்துச் சாப்பிடு. சாவி பக்கத்து வீட்டு ரொமில்டாவிடம் இருக்கிறது. அப்பாவின் ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு டெல்ஃபினா அத்தை மதியமே வந்துவிடுவாள். உள் அறையை ஒழித்து வை. நான் மாத்திரை வாங்க ஷேலா நகரத்துக்கு பஸ் ஏறுகிறேன்.

நீ என்னோடு பேசுவதில்லை, அதனால் எழுதுகிறேன். இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சரியாகச் சுரக்கவில்லையாம். அதனால்தான் தொடையிலும் தோளிலும் பலம் இல்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. டாக்டரம்மா முழங்காலில் சுத்தியலால் தட்டினார். உதைத்த கால் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் மெதுவாக இறங்கியது. மாத்திரை சாப்பிட்டால் சில மாதங்களில் பலம் திரும்புமாம்.

அடக்கத்தன்று கல்லறை மேட்டில் பாதி வழியில் அப்பாவின் சவப்பெட்டி என் தோளிலிருந்து சரிந்தபோது, "குடிச்சிட்டு வந்தியாண்ணே? பெத்த அப்பனைத் தூக்கக்கூட உனக்கு உடம்பு வணங்கலையா?" என்று ஊர் முன்னால் கத்தினாய். நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. கால் மடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அத்தை முன்னால் சண்டையும் வேண்டாம்.

அண்ணன் எவுலாலியோ

பி.கு.: அன்று எழ முடியாமல் வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாவைக் குழியில் இறக்கியதை நான் பார்க்கவே இல்லை. தலையை எந்தப் பக்கம் வைத்தீர்கள்? முதல் மண்ணை யார் போட்டார்கள்? நீ அழுதாயா? சாயங்காலம் வந்து அதை மட்டும் சொல்லுடா.