பெட்டூனியாவின் வயிற்றில் இருந்தது

அன்புள்ள ஹெஸ்டர்,

தீவில் நான் சுகம்; பள்ளிக்கூடமும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறாய்?

பக்கத்து வீட்டு டார்கஸின் செல்லக் கோழி பெட்டூனியா சனிக்கிழமை இறந்துபோனது. தினமும் காலையில் என் வாசற்படிக்கு வந்து ஓட்ஸ் கஞ்சியில் பங்கு கேட்குமே, அதுதான். கஞ்சிதான் கொன்றுவிட்டதோ என்று எனக்குப் பயம். தொற்றுநோயென்றால் மற்ற பதினொரு கோழிகளும் போய்விடுமே என்று டார்கஸுக்குப் பயம். எதனால் செத்தது என்று அறுத்துப் பார்க்க, உயிரியல் ஆசிரியர் என்பதால் கத்தி என் கைக்கு வந்தது. முகமூடி, கையுறை அணிந்து, இறகுகளைச் சோப்புநீரில் நனைத்து, புத்தகத்தை மூன்று முறை சரிபார்த்தேன்.

"வாத்தியாரே, அது செத்துப்போச்சு, வலிக்காது. அறுங்க!" என்றாள் டார்கஸ்.

வயிறு நிறைய மஞ்சள் கரு. முட்டை இறங்க வேண்டிய வழியில் இறங்காமல் உள்ளேயே சிந்திக் கெட்டிருக்கிறது. தொற்றும் இல்லை, கஞ்சியும் இல்லை! டார்கஸ் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் கொஞ்சம் குதித்தேன்.

கோழியின் வயிற்றுக்குள் தீனி அரைக்கும் பையில், பொடிக்கற்களுக்கு நடுவே, என் கம்பளிச்சட்டையின் நீலப் பொத்தான்! நீ சரியாகத் தைக்கவில்லை என்று போன கடிதத்தில் குறை சொன்னேனே, மன்னித்துவிடு.

"வீட்டம்மாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கப்போறீங்க," என்று சிரிக்கிறாள் டார்கஸ்.

நீல நூல் கொஞ்சம் அனுப்பு. இல்லை, அனுப்பாதே, ஈஸ்டருக்கு வரும்போது நீயே கொண்டுவந்து தைத்துவிடு. பொத்தானை வெந்நீரில் கழுவி வைத்திருக்கிறேன்.

தபால் படகு ஊதுகிறது. இன்று வாசற்படிக்கு இரண்டு கோழிகள் வந்தன. கஞ்சியைக் கூட்டி வைக்க வேண்டும்.

உன் எல்வின்