மணியம் மாமாவின் பக்கத்து சீட்

என் பிரியமான அப்பாவுக்கு,

கிள்ளானில் ஒரு வாரமாகப் புகைமூட்டம். எதிரே வரும் கண்டெய்னர் லோரிகூடக் கிட்ட வந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. அம்மா நன்றாக இருக்கிறார். நம் வேன்கள் எல்லாம் ஓடுகின்றன. நல்ல செய்தி இவ்வளவுதான். மீதியை உங்கள் மேல் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பள்ளி வேன் ஓட்டுவது வெறும் பிழைப்பு என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. "அடுத்தவங்க பிள்ளைய நம்ம கையில கொடுக்குறாங்க. அன்பு இல்லாதவன் இந்த சீட்ல உட்காரக் கூடாது" என்பீர்கள். அதற்காகவே ஒரு வழக்கம் வைத்தீர்கள். ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையும் "வணக்கம் அங்கிள்" சொல்ல வேண்டும். டிரைவர் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லித் திருப்பி வணக்கம் சொன்ன பிறகுதான் வேன் நகர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நம்மை நம்பி வேலைக்கு வந்தவரை நாமாகப் போகச் சொல்லக் கூடாது. இரண்டையும் நான் மாற்றவில்லை. உங்கள் அன்பால்தானே இந்தத் தொழில் இத்தனை வருடம் நின்றது? அப்படித்தான் நம்பியிருந்தேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம்தான் மணியம் மாமா வேனின் இடது பக்கத்தில் முதல் கீறலைப் பார்த்தேன். பிறகு இன்னொன்று. பிறகு பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. கேட்டால், "புகை லா தேவி. யாருக்குத்தான் ரோடு தெரியுது?" என்றார். புகை வந்தது இந்த வாரம். கீறல் அதற்கு முன்பே இருந்தது. உங்களோடு சேர்ந்து இந்த வேலையை ஆரம்பித்தவர், என்னையே பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். அவரிடம் மேலே எப்படிக் கேட்பேன்?

பிள்ளைகளின் அம்மாமார்களோ அவரைப் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள். "மணியம் அங்கிள் மாதிரி வராது அக்கா. பிள்ளைங்க மெதுவா வணக்கம் சொன்னா விடமாட்டாராம், சத்தமா சொல்லுன்னு கேட்பாராம்" என்றார் ஒருவர். கேட்டுச் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்த 'சத்தமா' என்ற சொல் என்னை விடவில்லை. சத்தமாக எதற்கு?

இன்று மத்தியானம் எதுவும் சொல்லாமல் அவர் வேனின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பள்ளிக்கூட கேட் முன்னால் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். "வணக்கம் கவின்", "வணக்கம் ஷாமினி" என்று ஒரு பெயர்கூடத் தவறாமல் சொன்னார். ஆனால் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே முன் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார்.

கடைசியாக வந்தாள் முதலாம் ஆண்டு படிக்கும் ஏழு வயது யாழினி. தொண்டை கட்டியிருந்ததால் அவளுக்குக் குரல் எழும்பவில்லை. ஒரு கால் படியில், ஒரு கால் இன்னும் தரையில். வேன் நகர்ந்துவிட்டது. பிள்ளை கதவுக் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். "மாமா, நிப்பாட்டுங்க" என்று நான் கத்தியதில்தான் பிரேக் போட்டார். பிறகு அவர் கேட்டதை எப்படி அப்பா எழுதுவேன்? கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பிள்ளை நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். அவளைப் பார்த்து, "யாரும்மா அது?" என்றார்.

அவள் காலிலிருந்து கழன்ற ஒரு சப்பாத்து பின்சக்கரத்துக்குக் கீழே கிடந்தது.

மீதி வழிக்கு நான்தான் ஓட்டினேன். அவரை என் பக்கத்தில் முன் சீட்டில் உட்காரச் சொன்னேன். "அது உங்கப்பா சீட்டு, நான் உட்கார மாட்டேன்" என்று பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டார். நம் வீட்டு வாசலில் வேனை நிறுத்தியதும் முன்னால் வந்து பழக்கத்தில் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கண்ணு எப்பத்திலிருந்து மாமா இப்படி?"

"இனிப்பு நீரு வியாதி கண்ணுக்கு ஏறிருச்சு. ஒரு வருசமா மங்கல்தான். லைசென்ஸ் இன்னும் இருக்கு லா."

"ஒரு வருசமா எப்படி ஓட்டுனீங்க?"

"உங்கப்பா பக்கத்துல இருந்தாரே. இடது பக்கம் மோட்டார் சைக்கிள் வருது, சிவப்பு விழுந்துருச்சு, பிள்ளை இறங்கிருச்சுன்னு சொல்லிக்கிட்டே வருவாரு. எனக்கென்ன கவலை?"

வீட்டில் போரடிக்கிறது என்று சொல்லித்தானே அப்பா தினமும் அந்த வேனில் ஏறினீர்கள்? "மனுசனுக்கு வேன்லதான் தூக்கம் வரும்" என்று அம்மா கிண்டல் செய்ததற்கு நீங்களும் சிரித்தீர்கள். நண்பனுக்கு வேலை போகக் கூடாது என்று அவருக்குக் கண்ணாக இருந்தீர்கள். சரி. பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நினைக்கவே இல்லையா? நீங்கள் போனால் அந்தக் கண்ணும் போய்விடும் என்று என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இதையும் அன்பு என்றுதான் சொல்வீர்களா?

சாவியைக் கேட்டேன். "உங்கப்பா இருந்தா கேட்டிருப்பாரா?" என்றார். கேட்டிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அவர் சாவியோடு இறங்கிப் போய்விட்டார்.

நாளையும் புகை இருக்கும் என்கிறார்கள். அவரும் எப்போதும்போல இருட்டிலேயே வந்துவிடுவார். அவருக்கு முன்னால் நான் வேனில் ஏறிவிடுவேன். மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது. லைசென்ஸும் இருக்கிறது, நீங்கள்தான் எடுக்க வைத்தீர்கள். அவர் திட்டட்டும், உங்கள் பெயரைச் சொல்லி அழட்டும். டிரைவர் சீட்டிலிருந்து நான் இறங்க மாட்டேன். வேலையை விட்டுப் போகவும் சொல்ல மாட்டேன். உங்கள் சீட்டில் அவர் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லட்டும்.

ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்த பிறகுதான் வேனை நகர்த்துவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் மேல் இன்னும் கோபம் தீராத மூத்த மகள்,
தேவி